மகளுக்கு சீனி வந்திருக்கு

2025 மார்ச் 3, டிக்கோயா

வார்டுக்கு வெளிய இருந்து டைப் பண்றேன். மகளுக்கு டைப் 1 டயபடிஸ்னு டொக்டர் சொல்லிட்டாங்க. 15 வயசுதான்.

பெப்ரவரி பூரா தண்ணி தண்ணின்னு கேட்டா, இந்தக் குளிர்ல ராத்திரி மூணு நாலு தரம் லயத்துக்கு வெளிய கக்கூசுக்கு ஓடுனா, யூனிபோம் தொளதொளன்னு ஆயிருச்சி, அப்பாயி கண்ணூறுன்னு சொல்லி சுத்திப் போட்டாங்க. வாந்தி வந்தப்ப ஒரு எடத்துல கேஸ்ட்ரிக்னு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க. நேத்து விடிய பாத்தா மூச்ச ஆழமா வேகமா இழுக்குறா, வாய்ல பழுத்த பழ வாசம். த்ரீவீல்ல ஏத்திக்கிட்டு வந்துட்டேன். வெரல்ல குத்திப் பாத்தா மெசின்ல நம்பரே வரல, 'ஹை'ன்னு மட்டும் விழுந்திச்சி, அப்புடின்னா 600க்கு மேலயாம். சேலைனும் இன்சுலினும் ஏறுது. இப்ப தூங்குறா.

மார்ச் 6

டொக்டர் உக்கார வச்சி சொன்னாங்க. சீனி தின்னு வந்ததில்ல, கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்கள அவ ஒடம்போட எதிர்ப்பு சக்தியே அழிச்சிருச்சாம், இனிமே வெளிய இருந்துதான் குடுக்கணுமாம். அதக் கேட்டப்புறந்தான் எங்க வீட்டுக்காரி அழுகைய நிப்பாட்டுனா.

நர்ஸ் மிஸ்ஸி ஊசி போட சொல்லிக் குடுத்தாங்க. பால் மாதிரி இருக்குற மருந்த குலுக்கக் கூடாது, உள்ளங்கைக்கு நடுவுல வச்சி உருட்டணும், வயிறு தொடைன்னு எடம் மாத்தி மாத்திப் போடணும். மக வாங்கி தானே போட்டுக்கிட்டா. எம்புள்ள தைரியசாலி.

மார்ச் 12

வீட்டுக்கு வந்தாச்சி. இன்சுலின் ஆஸ்பத்திரியில சும்மா குடுக்குறாங்க, சீனி பாக்குற மெசினுக்கு ஸ்ட்ரிப் நாமதான் வாங்கணும், தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு கூலி இந்த 2025ல 1,350 ரூபா, ஒரு டப்பா ஸ்ட்ரிப்புக்கு வீட்டுக்காரி ரெண்டு மூணு நாள் கொழுந்து பறிச்ச காசு போயிருது. எங்ககிட்ட பிரிட்ஜ் இல்ல. ஒடைக்காத குப்பி கடக்கார அண்ணே வீட்டு பிரிட்ஜுல இருக்கு, ஐஸ் பெட்டிகிட்ட மட்டும் வைக்காதீங்க அண்ணே, ஒறஞ்சா மருந்து வீணுன்னு சொல்லியிருக்கேன். ஒடச்ச குப்பி நம்ம ஊர் குளிருக்கு ஒரு மாசம் வெளிய தாங்கும், மண்சட்டிக்குள்ள வச்சிருக்கோம்.

பாக்க வந்த சொந்தக்காரங்க எல்லாம் ஒரே பேச்சு, பொம்பளப் புள்ள, வெளிய சொல்லாதீங்க, நாளைக்கு பொண்ணு கேட்டு வர்றவங்க யோசிப்பாங்கன்னு. எனக்கு கோவம் வந்திருச்சி. மயங்கி விழுந்தா பக்கத்துல இருக்குறவனுக்கு என்ன செய்யணும்னு தெரியாம எம்புள்ளைய தூக்கிக் குடுக்கவா? கல்யாணம் பொறவு.

ஏப்ரல் 3

ஓஎல் சோதினை லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறந்திருச்சி. மொத நாளே க்ளாஸ் டீச்சர்கிட்ட போயி எல்லாம் சொன்னேன், குளுக்கோஸ் பக்கெட்டும் குடுத்தேன். நல்லதாப் போச்சி. இன்னைக்கு ஏத்தத்துல படி ஏறிப் போனவளுக்கு க்ளாஸ்ல கை நடுங்கி வேர்த்துக் கொட்டியிருக்கு, பாத்தா 58. 70க்கு கீழ போனா ஒடனே இனிப்பு குடுக்கணும். கூட்டாளிப் புள்ளைங்க குளுக்கோஸ் கரைச்சிக் குடுத்து, 15 நிமிசம் கழிச்சி திரும்பக் குத்திப் பாத்திருக்காங்க, 96. நடக்குறப்ப சீனி எறங்கும், நம்ம மலையில நடக்காம எங்க போறது. இனி ஏத்தம் ஏற முந்தி ஏதாச்சும் சாப்புடணும்.

ரொட்டிதான் பெரிய பாடு. காலையில கோதுமை மா ரொட்டி மூணு தின்னவ இப்ப ஒண்ணோட பருப்பு, கீரை, முட்டை. தனியா ஆக்கி அவள ஒதுக்கி வைக்க வேணாம்னு நாங்களும் அதையே சாப்புடுறோம், சின்னவந்தான் மொனகுறான்.

ஏப்ரல் 23

சித்திரை வருசப் பொறப்புக்கு மக ஒரு அதிரசம் சாப்புட்டா, அதுக்குத் தக்கன ஊசியும் போட்டுக்கிட்டா.

இன்னைக்கு கிளினிக். சீனி அளவு எழுதி வச்ச கொப்பிய பாத்துட்டு டொக்டர் இன்சுலின கொறச்சிட்டாங்க. அப்பாயிக்கு தலகால் புரியல, சீனிக்கு நாட்டு மருந்துன்னு சொல்ற கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பையில ஊற வச்ச தண்ணிதான் கேட்டிருக்கு, இனி ஊசிய நிப்பாட்டுன்னு பெரியப்பாவையும் சேத்துக்கிட்டாங்க. டொக்டர் இத முந்தியே சொல்லியிருந்தாங்க. ஆரம்பத்துல மிச்சமிருக்குற செல் கொஞ்ச நாளைக்கு வேல செய்யும், மருந்து கொறையும், பொறவு திரும்பக் கூடும், ஒரு நாள் கூட நிப்பாட்டக் கூடாதுன்னு. 1922 ஜனவரியில டொரோன்டோவுல ஒரு சின்னப் பையனுக்குத்தான் மொத மொத இன்சுலின் போட்டாங்க, அதுக்கு முந்தி இந்த வருத்தம் வந்த புள்ளைங்கள காப்பாத்த வழியே இல்லன்னு பெரியப்பாகிட்ட சொன்னேன். அவரு பேசல. மகதான் அப்பாயிகிட்ட, "அந்தத் தண்ணிய நீங்க குடிங்க அப்பாயி, ஒங்க சீனி மாத்திரையையும் விடாதீங்க, நான் என் ஊசிய போட்டுக்குறேன்"னா.

வெசாக்கோட சிவனொளிபாதமலை சீசன் முடிஞ்சிரும். அதுவரைக்கும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு த்ரீவீல் ஓட்டுற ஹயர் காசு ஸ்ட்ரிப்புக்கு.