செவலையையும் அவள் மகளையும் அனுப்பிய விதம்

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்து, இனி 10 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்றே, தொழுவத்தில் நிற்கும் இருவரையும் என்னால் இனி வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பசுந்தீவனம் மட்டுமே ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 25, 30 கிலோ வேண்டும். இறைக்கும் தண்ணீரும் அள்ளும் சாணமும் தனி. தெரிந்துவிட்டதே தவிர, அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

செவலைக்கு 14 வயது. ஏழு கன்றுகளை ஈன்றவள், கடந்த நான்கு ஆண்டுகளாகச் சினை பிடிக்கவில்லை. அவளுடைய ஐந்தாவது ஈற்றில் பிறந்த சின்னவள் அப்போது ஐந்து மாதச் சினையோடு பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கடைசி வாரங்களில் வண்டியில் ஏற்றினால் தாய்க்கும் வயிற்றுக் கன்றுக்கும் ஆபத்து என்பதால், அனுப்புவதாக இருந்தால் அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அனுப்பியாக வேண்டும்.

கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வந்தவர்களெல்லாம் சின்னவளைத்தான் கேட்டார்கள். பால் வற்றிய கிழட்டு மாட்டை எதற்குக் கட்டித் தீனி போட வேண்டும் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். இன்னொருவர் செவலையின் தொடையையும் இடுப்பையும் தட்டிப் பார்த்து மனத்துக்குள் எடை போட்ட விதத்திலேயே, எதற்காகக் கேட்கிறார் என்பது புரிந்தது. அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். மாடு மந்தையாக வாழும் பிராணி. பழகிய துணையைப் பிரித்துத் தனியே நிறுத்தினால் அதன் நெஞ்சு படபடக்கும், ஓயாமல் கத்தும், தீனியில் வாய் வைக்காது. பிறந்த நாள் முதல் தாயின் கழுத்தில் தலை சாய்த்துப் படுக்கும் சின்னவளையும், பிள்ளை பெற்ற பிறகும் அவளை நக்கி விடுவதை நிறுத்தாத செவலையையும் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். சேர்ந்து போவதாக இருந்தால் போகட்டும், இல்லையென்றால் ஆள் வைத்தாவது நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிடிவாதம் என்று உறவினர்கள் சொன்னார்கள். பிடிவாதம்தான், அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு தம்பதியர் வந்தார்கள். அந்த அம்மாள் தொழுவத்துக்குள் நுழைந்ததும் பின்பக்கமாகப் போகாமல், செவலையின் தோளருகே வந்து நின்று, கையை நீட்டி மோந்து பார்க்க விட்டார். மாட்டுக்குச் சுற்றிலும் பார்வை எட்டினாலும் நேர் பின்புறம் தெரியாது, அங்கிருந்து திடீரென்று தொட்டால் மிரண்டு உதைக்கும் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். செவலை அவர் உள்ளங்கையை இரண்டு முறை நக்கினாள். பிறகு அவர் செவலையின் கீழுதட்டை விலக்கிப் பற்களைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வைக்கோலை நறுக்கித்தானே போடுகிறீர்கள்?" என்று கேட்டார். முன்பற்கள் தேய்ந்து குச்சிகளாகிவிட்ட மாடு எப்படித் தின்னும் என்று யோசித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் எதையும் மறைக்கவில்லை. சின்னவளுக்குப் போன ஈற்றில் மடிநோய் வந்து, வலது பின்காம்பில் பால் குறைந்துவிட்டதையும், புதியவர்கள் அந்தக் காம்பைத் தொட்டால் அவள் கால் வீசுவதையும், செவலை நாக்காலேயே கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்துவிடுவதையும் சொன்னேன். குறையைச் சொல்லாமல் அனுப்பினால், அது வெளிப்படுகிற நாளில் அடி வாங்கப்போவது மாடுதான். தடுப்பூசி போட்ட நாட்கள், குடற்புழு மருந்து கொடுத்த நாட்கள், சினை ஊசி போட்ட தேதி எல்லாம் எழுதிய நோட்டையும் கொடுத்தேன். இவர்களை வைத்துக்கொள்ள முடியாத நிலை எப்போது வந்தாலும் முதலில் என்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

தீவனத்தை ஒரேயடியாக மாற்றினால், அதைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் ஈடுகொடுக்க முடியாமல் வயிறு உப்பியோ கழிந்தோ மாடு படுத்துவிடும். எனவே நான் போட்டுவந்த அடர்தீவனத்தில் இரண்டு வாரத்துக்கானதை மூட்டை கட்டி, அவர்களுடையதோடு நாளுக்கு நாள் விகிதத்தைக் குறைத்துக் கலக்கும்படி சொல்லி அனுப்பினேன். வெயில் ஏறுவதற்கு முன்பே வண்டி கிளம்பியது. குளம்பு வழுக்காமலிருக்க அதன் தரையில் மணலும் வைக்கோலும் பரப்பியிருந்தோம். செவலை சாய்பலகையில் முன்காலை வைத்துவிட்டு நின்றுகொண்டாள். சின்னவள் முதலில் ஏறிய பிறகுதான் அவளும் ஏறினாள். வண்டி திரும்பும் வரை நான் வாசலில் நிற்கவில்லை. நிற்க முடியவில்லை.

நான்காம் நாள் அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். சின்னவளின் பால் பாதியாகக் குறைந்திருக்கிறது, புது இடத்துக் கலவரம்தான், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். கவலை செவலையைப் பற்றியது. தங்கள் மாடுகளோடு சேர்ப்பதற்கு முன் நோய்க்காகப் பார்த்துக்கொள்ள மூன்று வாரத்துக்கென்று இருவரையும் தனிக்கொட்டகையில் வைத்திருந்தார்கள். அங்கிருந்தது மூக்கால் அழுத்தினால் நீர் சுரக்கும் குடிகலம். சின்னவள் ஒரே நாளில் பழகிக்கொண்டாள். செவலையோ அதை மோந்துவிட்டு விலகிவிடுகிறாள், தொட்டியில் ஊற்றி வைத்தாலும் இரண்டு வாய்தான் குடிக்கிறாள் என்றார்.

அவள் 14 ஆண்டுகளாகக் குடித்துவந்த விளிம்பு நெளிந்த இரும்பு வாளியை, நினைவுக்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். காலியான தொழுவத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அதைக் கழற்றி, அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். கைப்பிடி கிணுங்கிய சத்தத்துக்கே செவலை தலையைத் தூக்கினாள். தண்ணீர் நிரப்பி வைத்ததும் மூக்கு முழுகக் குடித்து, காலி வாளியை நெற்றியால் முட்டி இன்னும் கேட்டாள். மூன்றாவது வாளியை அந்த அம்மாள் நிரப்பினார்.