கடைசிக் குழாயில் என்ன நிறம்?

குழாய்த் தண்ணீரில் சோதனைத் திரவம் விட்டு, வரும் நிறத்தை வைத்து மிஞ்சியிருக்கும் குளோரினை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று) எழுதும் ஊராட்சிகளின் குளோரின் பதிவேட்டைப் புரட்டினால் பல இடங்களில் மாதம் முழுவதும் 0.5 என்றே இருக்கும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மின்தடை நாளுக்கும் அதே எண். அதை நம்பி ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. நடுவில் இரண்டு நாள் 0 என்றும், பக்கத்தில் ‘பவுடர் தீர்ந்தது’, ‘தெற்குத் தெரு பைப் உடைப்பு’ என்றும் எழுதியிருந்தால் அந்த ஊரில் யாரோ உண்மையில் குழாயடிக்குப் போயிருக்கிறார்கள் என்று தெரியும்.

தரம் கேட்பது சிக்கலான விஷயமில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500:2012 படி, 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி) தென்படவே கூடாது. குளோரின் போட்ட நீரில், எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியடியில் இது எளிதாகக் கிடைத்துவிடும். ஊரின் கடைசிக் குழாயில் கிடைப்பதுதான் பாடு.

ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஆக 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம் என்பது டேங்க் ஆபரேட்டர்களுக்கு மனப்பாடம். பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. பிரித்த மூட்டை மோட்டார் அறையில், வெயில் காயும் கூரைக்குக் கீழே கிடந்தால் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். 20 சதவீதத்துக்கு வந்துவிட்ட பவுடர் என்றால் அதே தொட்டிக்கு 200 கிராம் வேண்டும். கட்டி தட்டியிருந்தால், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால், அதைச் சாக்கடைக்குப் போட்டுவிடுவது நல்லது. சிறு மூட்டையாக வாங்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டிரம்மில், இருட்டான இடத்தில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை.

இன்னொரு தவறு வெளியே தெரிவதே இல்லை. அந்த 120 கிராம் ஒரு தடவை நிரப்புவதற்கான அளவு. கோடையில் தொட்டி நாளுக்கு மூன்று முறை நிரம்பும். பவுடர் காலையில் ஒருமுறைதான் விழும். மாலையில் தண்ணீர் பிடிக்கும் தெருவுக்குப் போவது மருந்தில்லாத நீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரும் உள்ளூர் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் விழும் ஊர்களில், ‘அங்கேயே குளோரின் போட்டுத்தானே அனுப்புகிறார்கள்’ என்று விட்டுவிடுவதும் உண்டு. மின்விசைப் பம்புடன் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டிகளை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. 5,000 லிட்டருக்கு 20 கிராம், அவ்வளவுதான்.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்கி, அரைமணி நேரம் தெளிய விட வேண்டும். தெளிவை மட்டும், தொட்டியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, விழும் இடத்திலேயே ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். அடியில் நிற்பது சுண்ணாம்பு. அது தொட்டிக்குள் போனால் சேறாகப் படியும். ஊற்றி அரைமணி நேரம் கழித்தே ஊருக்குத் தண்ணீர் விடும் கேட் வால்வைத் திறக்க வேண்டும். ‘தண்ணீரில் மருந்து வாடை அடிக்குது, டீ வாயில் வைக்க முடியலை’ என்ற புகார் பெரும்பாலும் இந்த அரைமணியை விழுங்கிய நாளிலோ, நேற்று விட்டதைச் சேர்த்து இன்று இரட்டிப்பாகப் போட்ட நாளிலோதான் வரும். புகாருக்குப் பயந்து அளவைக் குறைத்துக்கொண்டே போவதுதான் ஆபத்து.

எல்லா நீருக்கும் 4 கிராம் சரிப்படாது. இரும்பும் கலங்கலும் உள்ள நீர் குளோரினைத் தின்றுவிடும். சரியான அளவை வாளியிலேயே கண்டுபிடிக்கலாம். நல்ல பவுடர் 30 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் ஏறத்தாழ ஒரு சதவீதக் கரைசல். மூன்று வாளிகளில் தலா 20 லிட்டர் எடுத்து, 2, 3, 4 மில்லி விட்டால் லிட்டருக்கு 1, 1.5, 2 மில்லிகிராம். அரைமணி கழித்து எதில் 0.5 மிஞ்சுகிறதோ அதுவே அந்த ஊர் அளவு. மழைக்காலம் தொடங்கியதும் மறுபடி பார்க்க வேண்டும்.

தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவி, தேதியைத் தூணில் எழுதுகிறோம். தேதி புதிதாக இருந்து மூடி திறந்து கிடந்தால் என்ன பயன்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மூடிக்குப் பூட்டும், ஏணிக்குக் கதவும் குரங்குக்காகவும் காக்கைக்காகவும் மட்டும் போடுபவை அல்ல.

தொட்டியைத் தாண்டினால் பைப்லைன். விநியோகம் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. வால்வு குழியில் சாக்கடை நீர் தேங்கியிருந்து, வால்வின் கிளாண்டும் (தண்டைச் சுற்றிக் கயிறு திணித்து அடைத்த இடம்) கசிந்தால், அந்த நீர் உள்ளே இழுக்கப்படும். வீட்டு மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டி உறிஞ்சும்போதும் இதேதான். அழுத்தம் போதாமல் குழி தோண்டிக் குழாயை இறக்கிய தெருக்களில், குடம் வைக்கும் குழியில் நிற்கும் கழுவு நீர் குழாய் வாயைத் தொடும். தொட்டியடியில் 0.8 காட்டிய நீர் அந்தத் தெருவில் 0 காட்டினால் பவுடரைக் கூட்டுவது தீர்வாகாது.

அளப்பதிலும் நிதானம் வேண்டும். ஆர்த்தோடோலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டதும் வருகிற மஞ்சளை உடனே ஒப்பிட வேண்டும். நேரம் ஆக ஆக, நீரிலுள்ள அம்மோனியா போன்றவற்றுடன் சேர்ந்து வீரியம் குறைந்த குளோரினும் நிறம் கொடுத்து எண்ணை உயர்த்திக் காட்டும். அந்தத் திரவத்தை வாயிலோ கையிலோ படவிடக் கூடாது. இளஞ்சிவப்பு தரும் டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதுவே மேல். கிருமிப் பரிசோதனைக்கு மாதிரியைக் கழுவிய சோடா பாட்டிலில் கொண்டுவந்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இருக்கும். அதை அலசக் கூடாது, வழிய நிரப்பவும் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தவரை ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

0 எழுதியவரைக் கூப்பிட்டுத் திட்டினால் மறுநாளிலிருந்து 0.5 தான் வரும். குறைந்த சம்பளத்தில், காலை நான்கு மணிக்கு வால்வு திறக்கும் ஒருவரிடம் உண்மையான எண்ணைக் கேட்க வேண்டுமென்றால், அந்த எண்ணுக்கு ஊராட்சி ஒரு கிளாண்ட் கயிறோ புது மூட்டையோ பதிலாகத் தர வேண்டும். கடைசிக் குழாயில் 0 வந்தால் அங்கிருந்து தொட்டியை நோக்கி ஒவ்வொரு குழாயாகப் பார்த்துக்கொண்டே வரலாம். நிறம் திரும்பும் குழாய்க்கும் நிறமில்லாத குழாய்க்கும் நடுவில்தான் முதலில் தேட வேண்டும். அந்த வால்வு குழியை இறைத்து, கசிவை அடைத்து, கடைசிக் குழாயில் மஞ்சள் தெரியும்வரை தண்ணீரை வெளியே ஓடவிட்டு, அந்த நேரத்தைப் பதிவேட்டில் 0 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.