சாலிஸ்பரி கதீட்ரல்: வரலாற்றுத் தாளில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

இங்கிலாந்தின் இடைக்காலக் கதீட்ரல் பற்றிய கேள்விக்கு நார்மன், ஏர்லி இங்கிலிஷ் (ஆரம்ப கோதிக்), டெக்கரேட்டட், பர்பெண்டிகுலர் என்று கட்டடப் பாணிக்கொரு பத்தி எழுதி வைப்பவர்கள்தான் அதிகம். அதைவிட சாலிஸ்பரி ஒன்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, மற்றதை அதோடு ஒப்பிடுவது மேல். 1220இல் தொடங்கி 1258இல் அர்ச்சிக்கப்பட்டதால், கோபுரம் நீங்கலாக, கிட்டத்தட்ட முழுக்க ஏர்லி இங்கிலிஷ்தான்.

பிளான் வரையும்போது டிரான்செப்ட் (குறுக்கே நீளும் கை) இரண்டு ஜோடி. கிழக்கு முனை சதுரம். கைப்பழக்கத்தில் அதை அரைவட்டமாக வளைத்தால் கட்டடம் பிரான்சுக்குப் போய்விடும்.

அடுத்து நேவின் (நீண்ட நடுக்கூடத்தின்) ஒரே ஒரு பே, அதாவது தூணுக்குத் தூண் உள்ள ஒரு பகுதி. கீழே ஆர்கேட் (ஆர்ச் வரிசை), நடுவில் டிரைஃபோரியம் (இடைத்தளம்), மேலே கிளியர்ஸ்டோரி (ஜன்னல் தளம்). இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: தரையிலிருந்து வால்ட் (வளைந்த கல் கூரை) வரை ஒரே கோடாக ஷாஃப்டை (மெல்லிய தூண்தண்டை) இழுத்துவிடுகிறார்கள். சாலிஸ்பரியில் வால்டைத் தாங்கும் ஷாஃப்ட் டிரைஃபோரியம் மட்டத்தில்தான் தொடங்கும், தரையைத் தொடாது. அதனால்தான் கண் மேலே ஏறாமல் நீளவாக்கில் ஓடுகிறது. அதே 1220இல் தொடங்கிய பிரான்சின் ஆமியன் கதீட்ரலில் ஷாஃப்ட் தரையிலிருந்தே எழும். அங்கே வால்ட் உயரம் சுமார் 42 மீட்டர். சாலிஸ்பரியில் சுமார் 25.6. இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதினாலே விடைக்குத் தனி எடை.

சாலிஸ்பரியின் 123 மீட்டர் ஸ்பையரை (கோபுரக் கூம்பை) 1258இல் சேர்க்காதீர்கள். அது 14ஆம் நூற்றாண்டு வேலை. முதலில் இருந்த தாழ்வான கோபுரத்துக்காகப் போட்ட தூண்கள்மேல் 6,000 டன்னுக்கு மேல் ஏற்றினார்கள். சரளை மண்ணில் அஸ்திவார ஆழமோ சுமார் 1.2 மீட்டர்தான். கிராஸிங்கில் (நேவும் டிரான்செப்டும் வெட்டும் இடத்தில்) தூண்கள் வளைந்திருப்பது இன்றும் கண்ணுக்குத் தெரியும். தாங்கலுக்குப் பிற்பாடு குறுக்கே ஆர்ச் போட்டார்கள்.

இதே சிக்கல்தான் வெல்ஸ் கதீட்ரலிலும். கோபுரத்தை உயர்த்தியதும் அடித்தளம் இறங்கியது. 1338–48இல் கத்தரிக்கோல் வடிவ ஆர்ச் தாங்கலாக வந்தது. அதை அலங்காரம் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. ஈலி கதீட்ரலில் 1322இல் நடுக்கோபுரம் இடிந்தே விழுந்தது. அதன் இடத்தில் எழுந்த எண்கோணத்தின் மேலுள்ள லான்டர்ன் (வெளிச்சம் இறங்கும் மேற்கூடு) மரவேலை, கல் இல்லை.

நேரம் மிஞ்சினால் வால்டுக்கு ஒரு சிறு படம். 1093இல் தொடங்கிய டர்ஹம் கதீட்ரலில் ரிப் (வால்டின் விலா எலும்பு போன்ற வளைவு) தனி ஆர்ச்சாக நிற்கும். கிளாஸ்டர் கதீட்ரல் குளோய்ஸ்டரின் (முற்றத்தைச் சுற்றிய நடைக்கூடத்தின்) விசிறி வடிவ ஃபேன் வால்டில் ரிப் என்பது பலகைக் கல்லிலேயே செதுக்கிய கோடு. இரண்டுக்கும் ஒரே படம் போட்டு பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.