இடது மரை படுத்திய பாடு: பழைய ஜீப்பில் ஷேக்கிள் புஷ் மாற்றிய அனுபவம்

பழைய மஹிந்திரா சி.ஜே. 3பி வைத்திருப்பவர்கள் ஷேக்கிள் புஷ் (கமான் பட்டையைத் தொங்கவிடும் ‘யு’ வடிவக் கொக்கியில் திருகி ஏறும் உலோகக் குழல்) வாங்கக் கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள். வண்டியில் இருக்கும் எட்டு புஷ்ஷில் இரண்டு எதிர்ப்பக்கம் திருகுபவை, அதாவது இடது மரை (திருகுப்புரி) கொண்டவை. இது கடைக்காரருக்கும் தெரியவில்லை, பட்டறைப் பையனுக்கும் தெரியவில்லை. அலைச்சலும் செலவும் என் தலையில் விழுந்தன.

பதிவைப் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோயிருந்தேன். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தத் தண்டனை உண்டு. விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் சடுதியில் முடிந்தன. பிறகு ஆய்வாளர் குனிந்து, முன்பக்க ஷேக்கிளுக்கு அருகே ஒரு நெம்புகோலைக் கொடுத்து அசைத்தார். ‘டொக்’ என்றது. “ஆட்டம் இருக்கிறது, சரிசெய்து கொண்டுவாருங்கள்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேரள எல்லையிலுள்ள கம்பம்மெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் அதே ‘டொக்’ ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை வரைக்கும் வரும்.

புதிய வண்டிகளில் சக்கரத்தைப் பிடித்துவைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் செய்கிற வேலையை இந்த ஜீப்பில் கமான் பட்டையே செய்கிறது. எடையைத் தாங்குவதும் அதுதான், சக்கர அச்சை இடம் மாறாமல் பிடித்துவைப்பதும் அதுதான். முன் கமானின் பின்முனை ரப்பர் புஷ்ஷோடு சேஸிஸில் நிலையாக மாட்டியிருக்கும். முன்முனை ‘யு’ வடிவ ஷேக்கிளில் தொங்கும். அந்த ‘யு’வின் மேல்கால் சேஸிஸ் பிராக்கெட்டிலும் கீழ்க்கால் பட்டையின் கண்ணிலும் நுழைய, இரண்டு கால்களிலும் வெளியிலிருந்து புஷ் திருகி ஏறும். மரையே இங்கே பேரிங். அதனால் கிரீஸ் வற்றினால் மரைதான் தேயும். ஏலத்தோட்டப் பாதையின் சேறும் மழையும் அதற்கு எவ்வளவு ஒத்தாசை செய்யும் என்பது மலையேறி இறங்குகிறவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோன மாடல் இது. இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாரித்தார்கள். அதனால் உதிரி பாகத்துக்குக் கவலையில்லை என்பார்கள். கிடைக்கும், உண்மைதான். சரியானது கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். தேனிப் பக்கம் ஒரு கடையில் ‘முழு செட்’ என்று அட்டைப் பெட்டியில் எட்டு புஷ் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் எட்டும் ஒரே மாதிரி, எட்டும் வலது மரை. சர்வீஸ் புத்தகத்தில் ஆறு வலது, இரண்டு இடது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. முன்பக்கம் இடது கமானில் ஒன்று, பின்பக்கம் வலது கமானில் ஒன்று. திரும்பப் போய் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டியபோது கடைக்காரர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. “முப்பது வருடமாக விற்கிறேன், ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை” என்றார். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

புஷ்ஷைக் கையில் வாங்கியதும் தலையைப் பாருங்கள். அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு ஓடினால் அது இடது மரை, வழவழவென்று இருந்தால் வலது. ஷேக்கிளில் கீழ்க்காலின் மேல் சிறு புடைப்பு ஒன்று ஷேக்கிளோடு சேர்ந்தே இருந்தால் அந்தக் கால் இடது மரை. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இத்தனை வயதான வண்டியில் யார் எதை எங்கே மாற்றி மாட்டினார்களோ! புடைப்பைத் தடவிப் பார்த்த பிறகே ஸ்பேனரைப் போடுங்கள்.

இதையெல்லாம் பட்டறையில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை விட்டேன். ஆனால் மேஸ்திரி கல்யாணத்துக்குப் போன நாளில் அவருடைய பையன் வேலையைத் தொடங்கிவிட்டான். டீசல் ஊற்றி ஊறவைத்தது சரி, கேஸ் வைத்துச் சூடு காட்டியது சரி. வலது பக்கம் இரண்டும் முனகிக்கொண்டே கழன்றன. இடது கீழ்ப்புஷ் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு முழ நீளப் பைப்பைச் சொருகி, எல்லா நட்டையும் கழற்றுகிற திசையிலேயே தன் முழு எடையையும் போட்டு இழுத்திருக்கிறான். அதாவது, கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது ஷேக்கிளின் கீழ்க்கால் முறிந்து, துண்டு புஷ்ஷுக்குள்ளேயே இருந்தது. முறிந்த முகம் பாதி துருவேறிய பழுப்பு, பாதி பளபளக்கும் வெள்ளை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கால் என்பது அதிலேயே தெரிந்தது. பையனைத் திட்ட வந்த வாயை அது அடைத்துவிட்டது. மலையில் முறியாமல் பட்டறையில் முறிந்ததே!

இப்போது புஷ் மட்டுமல்ல, ஷேக்கிளும் இடது மரையில் வேண்டும். லேத்துக்காரர் ஒருவர் தானே வெட்டித் தருவதாகச் சொன்னார். மரை வெட்டிவிடலாம், கடினப்படுத்துவது யார்? சாதாரண இரும்பில் செய்து மாட்டினால் சீக்கிரமே தேய்ந்து பழைய ஆட்டம் திரும்பிவிடும் என்று மறுத்துவிட்டேன். ஊரில் வலம்புரிச் சங்கைத் தேடி அலைவார்கள், நான் இடம்புரி இரும்பைத் தேடி அலைந்தேன்.

ஜீப் கட்டைமேல் நிற்கிறது என்பதால், விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு மெட்டு ஏறினேன். புளியன்மலை வழியாகக் கேரளத்தின் கட்டப்பனை. அங்கே பழைய ஜீப்புகளைப் பிரித்து விற்கும் பெரியவர் ஒருவரைப் பற்றி மேஸ்திரிதான், பையன் செய்த காரியத்துக்குப் பரிகாரமாக, சொல்லி அனுப்பியிருந்தார். உடைந்த துண்டைக் காட்டி, “சேட்டா, இடது மரை” என்று தொடங்கினேன். முடிக்கவிடவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து கரும் எண்ணெய் நிறைந்த பால்பவுடர் டப்பாவை இழுத்தார். உள்ளே கைவிட்டு, கண்ணால் பார்க்காமல், ஒவ்வொரு புஷ்ஷின் தலையையும் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுச் சுற்றி வழித்தார். வழுக்கியது திரும்ப டப்பாவுக்குள் போனது. நகம் பள்ளத்தில் மாட்டியதும் என் முன்னால் வைத்தார். ஒன்று, பிறகு இன்னொன்று. புடைப்பு வைத்த ஷேக்கிளும் கிடைத்தது. “தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் எட்டையும் வாங்கிய பிறகுதான் இங்கே வருகிறார்கள், தம்பி” என்று சிரித்தார். மூன்றுக்கும் சேர்த்து அவர் கேட்ட பணம் அந்த ‘முழு செட்’ விலையில் பாதிகூட இல்லை.

மாட்டும்போது மேஸ்திரி கூடவே இருந்தார். அப்படியும் ஒரு வாக்குவாதம் வந்தது. கிரீஸ் சீலைப் போட்டு, ஷேக்கிளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல்புஷ்ஷைப் பாதி ஏற்ற வேண்டும், பிறகு கீழ்ப்புஷ்ஷைப் பாதி. அப்புறம் மேலும் கீழும் மாறி மாறி. மேல்புஷ் பிராக்கெட்டில் ஒட்டி உட்கார வேண்டும். கீழ்ப்புஷ்ஷின் தலைக்கும் பட்டையின் கண்ணுக்கும் இடையே 1/32 அங்குலம், ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், இடைவெளி விட வேண்டும். “இடைவெளி விட்டால் மறுபடியும் ஆடும் அண்ணே, இறுக்கிவிடுவோம்” என்றார் அவர். இறுக்கினால் ஷேக்கிள் ஊசலாடாது, அது ஊசலாடாவிட்டால் பட்டை முறியும் என்று புத்தகத்தைக் காட்டினேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, கிரீஸ் அடித்து, ஷேக்கிளைக் கையால் தள்ளினோம். தடையில்லாமல் போய்வந்தது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

பின்முனை ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். அந்த போல்ட்டின் கடைசி இறுக்கத்தை ஜாக்கியில் தொங்கும்போது கொடுக்காதீர்கள். சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை பட்டையில் விழுந்த பிறகு இறுக்குங்கள், இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று கிழிந்துவிடும். பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட்டுகளை, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

மறு ஆய்வில் வேறொரு அதிகாரி இருந்தார். வண்டிக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெரியவர் கொடுத்த இரண்டாவது இடது மரை புஷ், பின்பக்க வலது கமானுக்காக, கிரீஸ் தடவிய தாளில் சுற்றி என் டூல் பெட்டியில் இருக்கிறது. கட்டப்பனைக்கு வழி சொல்கிறேன். புஷ்ஷை மட்டும் கேட்காதீர்கள்.