காடு எப்படி நடக்கிறது: மேக்பெத் படங்களோடு ஆறு வாரம்

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தை வைத்து எடுத்த படங்களை வாரம் ஒன்றாகப் பார்த்து ஒப்பிடுவது என்றுதான் தொடங்கினேன். இரண்டாவது படத்திலேயே குழம்பிவிட்டது. எது நாடகத்தில் இருப்பது, எது இயக்குநர் சேர்த்தது என்று என் குறிப்புகளை வைத்தே சொல்ல முடியவில்லை. அதனால் முறையை மாற்றினேன். ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டேன்: பர்னாம் காடு டன்சினேன் கோட்டைக்கு வரும் இடம். அரசனைக் கொன்று ஸ்காட்லாந்தின் அரியணை ஏறிய மேக்பெத், அந்தக் காடு தன் கோட்டைக்கு வரும்வரை தனக்குத் தோல்வி இல்லை என்ற சூனியக்காரிகளின் குறியை நம்பியிருக்கிறான். முதலில் ஐந்தாம் அங்கத்தை வாசிப்பது, பிறகு முழுப் படம், கடைசியாக அந்தக் காட்சி மட்டும் இரண்டு முறை. அதில் ஒரு முறை ஒலி இல்லாமல்.

வாசிக்கும்போதே ஒன்று பிடிபட்டது. நாடகத்தில் காடு நகர்வதை நாம் பார்ப்பதே இல்லை. படையின் எண்ணிக்கை தெரியாமலிருக்க ஆளுக்கொரு கிளையை வெட்டி முன்னால் பிடிக்கச் சொல்கிறான், மேக்பெத் மேல் படையெடுத்து வரும் மால்கம், கொல்லப்பட்ட அரசனின் மகன். அதற்கடுத்த காட்சியில்தான் தூதன் மேக்பெத்திடம் ஓடிவந்து, மூன்று மைலுக்குள் ஒரு தோப்பு நகர்ந்து வருகிறது என்கிறான். தந்திரம் நமக்கு முன்பே தெரியும், மேக்பெத்துக்குத் தெரியாது. மேடைக்கு இவ்வளவு போதும். கேமராவுக்குப் போதாது. எதை, எப்போது காட்டுவது என்று ஒவ்வொரு இயக்குநரும் முடிவெடுத்தாக வேண்டும்.

ஆர்சன் வெல்ஸ் (1948) மலிவான கௌபாய் படங்கள் எடுத்த ரிபப்ளிக் ஸ்டூடியோவில், 23 நாளில் எடுத்து முடித்த படம் இது. பாறை போன்ற அரங்கமும் மூடுபனியும்தான் அவருடைய ஸ்காட்லாந்து. பனிக்குள்ளிருந்து கிளைகள் எழுந்து வருவதைப் பார்க்கும்போது செலவுக் குறைவு உறுத்தவில்லை. போலன்ஸ்கியின் 1971 படத்தில் வெட்டவெளியில் வீரர்கள் கிளைகளோடு வருகிறார்கள். தெளிவாக இருக்கிறது, ஆனால் எனக்குள் எதுவும் நடக்கவில்லை.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவிடம்தான் (1957, 'த்ரோன் ஆஃப் பிளட்') இரண்டு வாரம் தங்கிவிட்டேன். அவர் மால்கமின் கட்டளையை நமக்குக் காட்டுவதே இல்லை. முந்தைய இரவு காட்டுப் பறவைகள் கோட்டைக் கூடத்துக்குள் பறந்து வருகின்றன. பிறகு மதில்மேல் நிற்கும் வஷிசுவோடு (இந்தப் படத்தின் மேக்பெத்) சேர்ந்து நாமும் பார்க்கிறோம்: பனியில் மரங்கள் அசைந்து அசைந்து வருகின்றன. ஆட்கள் யாரும் தெரியவில்லை. வெட்டிய மரங்கள் என்ற விளக்கம் அவன் செத்த பிறகுதான் கிடைக்கிறது. ஷேக்ஸ்பியர் நம்மை மேக்பெத்துக்கு வெளியே நிறுத்தினார், குரோசாவா அவனுக்குள் நிறுத்துகிறார். ஷேக்ஸ்பியரின் ஒரு வரிகூட இல்லாத படம் அந்த நாடகத்தின் பயத்தை இவ்வளவு நெருங்கியது எப்படி என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

அந்தக் காட்சியை ஒலி இல்லாமல் பார்த்ததும் உதவியது. வஷிசுவாக நடித்த மிஃபூனேயின் முகம் மட்டுமே கதையைச் சொல்லிவிடுகிறது. அவனைக் கொல்வதும் எதிரி அல்ல, அவனுடைய வில்லாளிகள்தான். படப்பிடிப்பில் நிஜ அம்புகளையே எய்தார்கள் என்று தெரிந்த பிறகு மறுபடி பார்த்தேன், முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதே படத்தில் வேறொரு இடத்தில் ஒலியை அணைத்தது பெரிய தவறு. மயக்க மருந்து கலந்த சாக்கேயை (ஜப்பானிய அரிசி மது) எடுத்துவர, வஷிசுவின் மனைவியாக நடித்த யமடா இருட்டறைக்குள் போகும்போது கேட்கும் பட்டாடையின் சரசரப்புதான் அந்தக் காட்சியே.

ஜஸ்டின் கர்செல் (2015) கிளையை விட்டுவிட்டுக் காட்டுக்கே தீ வைக்கிறார். சாம்பலும் பொறியுமாகக் காடு காற்றில் கோட்டைக்கு வருகிறது. துணிச்சலான மாற்றம், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பின் வரும் சிவப்பு வானம் கண்ணை நிறைத்து வசனத்தை விழுங்கிவிடுகிறது. ஜோயல் கோயன் (2021) படத்தில் ஜன்னல் திறந்ததும் இலைகள் வெள்ளமாக உள்ளே கொட்டுகின்றன. முழுக்க அரங்குக்குள் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில், அவ்வளவு சுத்தமான சுவர்களுக்கு நடுவே அந்தச் சருகுகளைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

கடைசி வாரம் இந்திப் படம் 'மக்பூல்' (2003). மும்பை நிழலுலகில் காட்டுக்கு எங்கே போவது? விஷால் பரத்வாஜ் காட்டைக் கடலாக்கிவிட்டார். சூனியக்காரிகளுக்குப் பதிலாக வரும், ஜாதகக் கட்டம் வரையும் இரண்டு போலீஸ்காரர்களின் குறி, கடல் வீடு தேடி வரும்போது பலிக்கிறது. கடத்தல் படகை நம்பிப் பிழைப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான காடு இல்லை. குரோசாவாவுக்கு அடுத்து இதைத்தான் வைத்திருக்கிறேன், கோயன் மூன்றாவது.

அடுத்து மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சி. 'மக்பூல்' படத்தில் அந்தப் பாத்திரத்தில் நடித்த தபுவிலிருந்து தொடங்குகிறேன்.