கப்பல் ஓடியதும் நான் ஓடியதும்

வீடு ராயபுரத்தில் இருப்பதால், பல ஆண்டுகளாக என் காலை ஓட்டம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில்தான் நடந்து வருகிறது. ஒருபுறம் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், மறுபுறம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். மூச்சில் பாதி டீசல், பாதி மீன். வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். பெருமைப்பட ஒன்றுமில்லாத வேகம்தான். ஆனாலும், மாமனாரின் பீமரத சாந்தி முடிந்த கையோடு விசாகப்பட்டினம் வரை சொகுசுக் கப்பலில் குடும்பமாகப் போய்வருவது என்று முடிவானபோது, எனக்கு முதலில் வந்த கவலை குமட்டலைப் பற்றியதன்று. 3 இரவுகள் கடலில் கழித்துவிட்டு வந்தால் மறுநாள் விடியலில் மீண்டும் எழுந்திருப்பேனா என்பதுதான்.

மாலையில் கப்பல் புறப்பட்டதும் மேல்தளத்தில் நின்று வடக்கே பார்த்தேன். காசிமேட்டு விளக்குகளும், அவற்றுக்கு அப்பால் நான் நாள்தோறும் ஓடும் சாலையும் ஒரு விரற்கடை அளவுக்குச் சுருங்கித் தெரிந்தன.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஓடுதளத்துக்குப் போனேன். புகைபோக்கியைச் சுற்றி வரும் குறுகிய பாதை. காலடியால் அளந்ததில் ஒரு சுற்று ஏறத்தாழ 120 மீட்டர், அதாவது 5 கிலோமீட்டருக்கு 42 சுற்று. ஊழியர்கள் அப்போதுதான் தளத்தைக் கழுவி விட்டிருந்ததால் முதல் பத்து நிமிடம் வழுக்கலுக்குப் பயந்து நடந்தேன். பிறகு ஓடத் தொடங்கியபோதுதான் காற்றின் கணக்கு புரிந்தது. கப்பல் 16 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போய்க்கொண்டிருந்தது. வெளியே காற்றே வீசாவிட்டாலும், அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை நோக்கி ஓடும்போது அந்த வேகத்தோடு என் வேகமும் சேர்ந்து முகத்தில் அறைகிறது. அமரத்தை, அதாவது பின்முனையை நோக்கித் திரும்பினால் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. வியர்வை வடிவதற்குள் உலர்ந்துவிடுவதால் தாகமே தெரியவில்லை. தண்ணீர் குடிக்காமல் முடித்துவிட்டுப் பகல் முழுவதும் தலைவலியோடு கிடந்தேன். இது என் முட்டாள்தனம், கடலின் குற்றமன்று.

ஓட்டம் முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் சுமார் 15 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 2 நிமிடம்! 2023-இல் சிகாகோ மாரத்தானில் கெல்வின் கிப்டம் உலக சாதனை படைத்தபோதுகூட அவருக்குக் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடிக்குச் சற்று மேல் ஆயிற்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாமனாரிடம் பெருமையாக நீட்டினேன்.

“நீ எங்கம்மா ஓடுன, கப்பல்ல ஓடுச்சு?” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ஜிபிஎஸ் அறிவது பூமியின் மேல் நான் இருக்கும் இடத்தை மட்டுமே. எனக்குக் கீழே ஒரு தளம் இருப்பதும், அதுவும் நகர்வதும் அதற்குத் தெரியாது. அதன் பிறகு கடிகாரத்தை உள்ளரங்க ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு, தூரத்தை மறந்து, நிமிடத்தையும் மூச்சையும் மட்டும் கணக்கில் கொண்டேன். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் உட்புறக் கால் முட்டி வலிக்கும் என்பதால், கூட்டமில்லாத நேரத்தில் திசையையும் மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கப்பல் விசாகப்பட்டினத்தில் கட்டியிருந்தது. கரையில் இறங்கி, ராமகிருஷ்ணா கடற்கரையில் காட்சிக்கு வைத்திருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் வரை ஓடித் திரும்பினேன். லாரி இல்லாத கடற்கரைச் சாலையில் ஓடுவது எனக்குச் சற்றே பொறாமையாகத்தான் இருந்தது.

அன்று மாலை, திரும்பும் வழியில், ஆர்வக்கோளாறால் உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லில் ஏறினேன். அது கப்பலின் முன்பகுதியில் இருந்தது. தூக்கலும் தாழ்வும் மிகுதியாகத் தெரிவது முனைகளில்தான். நடுப்பகுதி ஓரளவு அமைதியாக இருக்கும். அணியம் எழும்போது மேட்டில் ஏறுவது போலவும், தாழும்போது யாரோ பட்டையை உருவிக்கொள்வது போலவும் இருக்கவே, ஏழாவது நிமிடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக நடுப்பகுதிப் படிக்கட்டில் நான்கு முறை ஏறி இறங்கியது எவ்வளவோ மேல். இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தட்டு ஜாங்கிரிக்கு அதுவே எனக்கு நியாயமாகவும் அமைந்தது.

கடைசி நாள் காலை சென்னை நெருங்கும்போது, வேடிக்கைக்காக ஜிபிஎஸ்ஸை மீண்டும் போட்டுவிட்டு ஓடினேன். தொடக்கத்தில் அதே 2 நிமிடம் காட்டியது. வழிகாட்டி மாலுமி ஏறி, இழுவைப் படகுகள் அருகில் வர, கப்பலின் வேகம் தணியத் தணியக் கடிகாரத்தில் எண் 3 ஆயிற்று, 4 ஆயிற்று. வலப்புறம் காசிமேட்டில் விசைப்படகுகள் நெருங்கி நிற்பது தெளிவாகத் தெரிந்தபோது 5 நாட் வேகத்துக்கு இறங்கியிருந்தோம். கடிகாரம் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்றது. மாமனாரைக் கூப்பிட்டு மணிக்கட்டைக் காட்டினேன்.

“இப்ப ஒத்துக்குறேன்” என்றார்.