பாலமேட்டுக்காரனுக்கு நாட்டிங்ஹாமில் ஒரு காளை

நாட்டிங்ஹாமுக்கு வந்து இரண்டு வருடம் வரை நான் ஒரு பப்புக்குள்ளும் கால் வைக்கவில்லை. குடிப்பழக்கம் கிடையாது என்பது ஒரு காரணம். பப் என்றாலே எங்கள் ஊர் டாஸ்மாக் பார் கண்முன் வந்து நிற்பது இன்னொரு காரணம். ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மூலையில் அழுதுகொண்டிருக்கும் ஒருவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸே கிளம்பிப் போகும்போது வீட்டில் வேலை இருக்கிறது என்று நழுவிவிடுவேன். திங்கட்கிழமை அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

என்னை இழுத்துப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். நாங்கள் இருப்பது பீஸ்டன் பகுதியில். என்னைப் பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து 'ஏ அப், மி டக்' என்பார். முதல் தடவை, வாத்து ஏதோ தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது போல என்று திரும்பிப் பார்த்தேன். இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆண், பெண், சின்னவர், பெரியவர் எல்லோரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாம் 'என்னப்பா' என்பது மாதிரி.

அவர் ராலி சைக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். பதினாறு வயதில் சேர்ந்து, 2002-இல் நாட்டிங்ஹாமில் உற்பத்தி நிற்கும்வரை அங்கேதான் இருந்தாராம். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் தாத்தா வைத்திருந்தது ராலி. ஹேண்டில்பாருக்குக் கீழே கொக்குத் தலை போட்ட ஒரு சின்னம் இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டு அதைத் துடைப்பது பேரன்களில் யாருக்கு என்று எங்களுக்குள் சண்டையே வரும். இதைச் சொன்னபோது பெரியவர், 'கொக்கு இல்லை, நாரை' என்று திருத்தினார். அதற்கப்புறம் வேலியோடு நின்ற பேச்சு சமையலறை வரை வந்தது.

ஷிப்ட் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன அம்பு எறிகிற டார்ட்ஸ், புள்ளி போட்ட காய்களை வரிசையாக வைக்கிற டாமினோ, நிற்கிற மரக்கட்டைகளை எறிந்து சாய்க்கிற ஸ்கிட்டில்ஸ் என்று அடுக்கினார். ஒவ்வொரு பப்பிலும் ஒரு மூலை விளையாட்டுக்கென்றே இருக்குமாம். இப்போது அந்த மூலையில் சாப்பாட்டு மேஜை போட்டுவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். நான் குடிக்க மாட்டேனே என்றேன். 'லைம் சோடா குடி, யார் கேட்கப் போகிறார்கள்?' சரி, சனிக்கிழமை டிராம் ஏறினோம்.

முதலில் போனது 'ஈ ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்'. கோட்டைப் பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பக்கம்தான் கட்டடம், உள்ளே போகப் போக அறைகள் எல்லாம் மணற்பாறையைக் குடைந்தவை. சுவரைத் தொட்டால் கையில் மணல் ஒட்டும். வெளிச்சுவரில் பெரிதாக 1189 என்று எழுதி, இங்கிலாந்திலேயே பழைய விடுதி என்கிறார்கள். அந்த வருடத்துக்கு ஆவணம் எதுவும் கிடையாது. நடக்கிற தூரத்தில் உள்ள 'பெல்', 'சாலுடேஷன்' இரண்டுக்கும் இதே பெருமை உண்டு. மதுரையில் ஒவ்வொரு ஜிகர்தண்டா கடையும் நாங்கள்தான் ஒரிஜினல் என்று போர்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அங்கே இருந்ததுதான் 'ரிங்கிங் தி புல்'. பெயரைக் கேட்டதும் பாலமேட்டு ரத்தம் கொஞ்சம் சூடானது உண்மை. போய்ப் பார்த்தால் காளையில் கொம்பு மட்டும்தான் மிச்சம். சுவரில் ஒரு கொம்பு பதித்திருக்கிறது. கூரையிலிருந்து கயிறு தொங்குகிறது, அதன் நுனியில் மூக்கணாங்கயிறு போடுகிற இடத்தில் மாட்டும் வளையம் போல ஓர் இரும்பு வளையம். தள்ளி நின்று வளையத்தை வீசி, கொம்பில் மாட்டவைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இதில் என்ன இருக்கிறது என்று நேராகக் குறிபார்த்து விட்டேன். டக்கென்று கொம்பில் மோதி முகத்துக்கே திரும்பி வந்தது. பத்து தடவை விட்டிருப்பேன், பத்து தடவையும் அதே டக். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பியரை வைத்துவிட்டு எழுந்து வந்தார், வளையத்தை இரண்டு விரலால் பிடித்தார், கொம்பைப் பார்க்காமல் பக்கவாட்டில் சும்மா நழுவவிட்டார். அது ஊஞ்சல் போல வளைந்து ஒரு பக்கமாகச் சுவரை நெருங்கி, வேகம் குறைந்து, திரும்பும் நேரத்தில் கொம்பில் போய் உட்கார்ந்துகொண்டது. சத்தமே இல்லை. கொம்பை நோக்கி வீசக் கூடாது, வளையம் எங்கே நின்று திரும்பும் என்று பார்த்து வீச வேண்டும். ஊரில் மாடு அணைபவர்களும் வாடிவாசலில் பாய்கிற மாட்டின் முகத்துக்கு நேரே போக மாட்டார்கள். ஓரமாக நின்று, அது கடக்கும்போது திமிலைப் பிடிப்பார்கள். அதை அவருக்கு விளக்கப் பார்த்தேன். திமிலுக்கு என் ஆங்கிலம் போதவில்லை. என் முதுகைத் தட்டிக் காட்டினேன், முதுகுவலி என்று நினைத்து உட்காரச் சொன்னார்.

இருபத்து மூன்றாவது தடவை மாட்டியது. பக்கத்து மேஜையில் அதுவரை எங்களைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்த நான்கு பேரும் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து வந்து தானும் விட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலேயர் தானாக வந்து என்னோடு பேசியது அன்றுதான். அதுவும் வளையத்தைப் பற்றி மட்டும். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

வெளியே வந்து கோட்டைச் சுவரோரம் ஏறினால் ராபின் ஹூட் வில்லை வளைத்தபடி நிற்கிறார். 1952-இல் வைத்த வெண்கலச் சிலை. அம்பை யாராவது அடிக்கடி கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரியவர் அங்கே நின்று ஒரு கதை சொன்னார். எட்டாம் ஹென்றி 1541-இல் சட்டம் போட்டு, வேலைக்காரர்களும் கைத்தொழிலாளிகளும் இந்த மாதிரி விளையாட்டுகளைக் கிறிஸ்துமஸுக்குத்தான் ஆடலாம் என்றாராம். மற்ற நாளெல்லாம் ஆடினால் வில்வித்தை பழக மாட்டார்கள் என்று கவலை. 'பாவம், அம்பையே திருடிவிட்டார்கள்' என்று சிலையைக் காட்டிச் சிரித்தார்.

ஸ்கிட்டில்ஸ் தேடித்தான் அலைந்தோம். இந்த வட்டாரத்து வகைக்கு 'லாங் அலி' என்று பெயர். ஒரு பப்பில் ஸ்கிட்டில் பாதை இருந்த இடம் கார் நிறுத்தமாகிவிட்டது. இன்னொன்றில் அதன்மேல் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூன்றாவதில் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியவில்லை. நான்காவதாக ஒரு கிளப்பின் கொல்லையில், தகரக் கூரைக்குக் கீழே கிடைத்தது. கோடியில் வைர வடிவில் ஒன்பது மரக்கட்டைகள். எறிகிற கட்டைக்குச் 'சீஸ்' என்று பெயர், பார்ப்பதற்குக் குட்டிப் பீப்பாய். ஆளுக்கு மூன்று எறி. கட்டைகளில் படுமுன் சீஸ் ஒரு தடவை தரையில் குத்தி எழ வேண்டும். கிரிக்கெட் பழகிய கைக்கு இது கஷ்டமில்லை என்று நினைத்தேன். பீப்பாய் எந்த விளிம்பில் குத்துகிறதோ அந்தப் பக்கம் போகும் என்பது எறிந்த பிறகுதான் புரிந்தது. மூன்று எறியில் இரண்டு கட்டை. விழுந்ததைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டுமென்று அந்த வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

பொழுது சாய்ந்தபோது அவருடைய பழைய பப்புக்குக் கூட்டிப்போனார். சுவரில் டார்ட்ஸ் போர்டு, பக்கத்தில் கரும்பலகை. இங்கே ஒரு வழக்கம் உண்டு: அடுத்த ஆட்டம் யாருக்கு வேண்டுமோ அவர் நடக்கிற ஆட்டத்துக்குச் சாக்பீஸ் பிடித்துக் கணக்கு எழுத வேண்டும். யாரையும் கெஞ்ச வேண்டாம், அறிமுகமும் வேண்டாம். பெரியவர் சாக்பீஸை என் கையில் திணித்தார். 501-லிருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வர வேண்டும். கடைசி அம்பு, எண்ணுக்கு இரட்டிப்பு தரும் வெளி வளையமான டபுளில் விழுந்து கணக்கு சரியாகப் பூஜ்ஜியத்தில் முடிய வேண்டும். ஒருவர் 32-இல் வந்து நின்றபோது சுற்றியிருந்தவர்கள் 'ஆஹா' என்றார்கள். 16-இன் டபுளுக்கு எறிந்து வளையம் தப்பி உள்பக்கம் 16-இலேயே விழுந்தாலும் 16 குறையும், மீதி 16. அடுத்தது 8-இன் டபுள். தவறினாலும் வழி அடைபடாத எண் அது. நாலாங்கிளாஸ் கழித்தல்தான். இருந்தாலும் ஒரு தப்பும் இல்லாமல் எழுதியதற்கு 'குட் லாட்' என்று ஒரு பாராட்டு.

அப்புறம் என் முறை. 20-ஐப் பார்த்து எறிந்தேன். ஒன்று 20-இல், மற்ற இரண்டும் இரு பக்கமும் இருக்கிற 5-இலும் 1-இலும். மொத்தம் 26. பப்பே 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்!' என்று கத்தியது. அந்தக் காலத்தில் ஒரு ராத்திரி தங்கிக் காலைச் சாப்பாடும் சாப்பிட வாங்கிய காசு இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதனால் 26-க்கு அந்தப் பெயராம். குறி தப்பியதற்கு இவ்வளவு உற்சாகமாக யாரும் என்னை வாழ்த்தியதில்லை.

ஒரே சங்கடம் ரவுண்டு. ஆளுக்கு ஒருமுறை எல்லோருக்கும் வாங்க வேண்டும். என் லைம் சோடாவுக்கு எதிரில் அவர்களுடைய பைன்ட் விலை எங்கேயோ இருக்கிறது. கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டம்தான். ஆனால் முறை வரும்போது எழாதவனை இங்கே மன்னிக்க மாட்டார்கள் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. எழுந்தேன்.

கடைசியாக டாமினோ. 'ஃபைவ்ஸ் அண்ட் த்ரீஸ்' என்று ஒரு வகை: காய் வரிசையின் இரண்டு முனையிலும் உள்ள புள்ளிகளைக் கூட்டி வருவது ஐந்தாலும் மூன்றாலும் எத்தனை தடவை வகுபடுகிறதோ அத்தனை புள்ளி. ஒரு முனையில் குறுக்கே கிடந்த டபுள் ஆறு பன்னிரண்டு, மறுமுனையில் மூன்று, ஆகப் பதினைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு. அதற்குமேல் ஒரு காய் வைப்பதில் எடுக்க முடியாது, அதை எடுத்தவர் பெரியவர். வைக்கக் காய் இல்லாதவர் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார், ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். முக்கால் மணி நேரம் மேஜையில் இருந்த நான்கு பேர் பேசிய பேச்சை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு கொம்பு வைத்துவிடலாம் என்று பார்த்தேன். வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று இருப்பதை மனைவி ஞாபகப்படுத்தினாள், டெபாசிட் போய்விடும். பெரியவர் தன் தோட்டத்து ஷெட்டில் இடம் கொடுத்தார். கோட்டு மாட்டும் கொக்கி ஒன்று, உத்தரத்திலிருந்து நூல், நுனியில் திரைச்சீலை வளையம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அப்பாவுக்குக் காட்டினேன். ஐந்தாவது வீச்சில் மாட்டியது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

'சரிடா, மாடு எங்க?' என்றார்.